கேதார்காந்தா குளிருக்குக் கம்பளி உடை: எதில் காசு போடுவது?

பாலாற்றங்கரை (ஆற்காடு):

எல்லோருக்கும் வணக்கம். அரையாண்டு விடுமுறையில் நானும் எங்கள் பள்ளி டீச்சர்கள் மூன்று பேரும் உத்தரகாண்டில் கேதார்காந்தா மலை ஏறப் போகிறோம். சாங்க்ரி என்ற ஊரிலிருந்து நடை. மேலே கூடாரத்தில் தங்கிவிட்டு, கடைசி நாள் விடியும் முன்பே கிளம்பி 12,500 அடி உச்சிக்கு ஏற வேண்டும். பனி கட்டாயம் இருக்கும், இரவில் பூஜ்யத்துக்குக் கீழே போகும் என்று அழைத்துப் போகிறவர்கள் சொல்லிவிட்டார்கள்.

எனக்குத் தெரிந்த குளிர் என்றால் ஏலகிரியில் ஜனவரி மாதக் காலைதான். நம் ஊர் வெயிலில் வளர்ந்த எனக்குக் கம்பளி உடை வாங்கிப் பழக்கமே இல்லை. வேலூரில் ரோட்டோரம் ஸ்வெட்டர் கடை போட்டிருக்கிறார்கள். எழுநூறு ரூபாய், "சுத்த உல்லன்" என்கிறார்கள். ஆன்லைனில் பார்த்தால் மெரினோ கம்பளி என்று உள்ளே போடுகிற மெல்லிய பனியன் ஒன்றே மூவாயிரத்துக்கு மேல் போகிறது. தடிமனாக இருப்பது விலை குறைவு, காகிதம் மாதிரி இருப்பது விலை அதிகம். இதில் என்ன கணக்கு என்று புரியவில்லை.

அப்புறம், கம்பளி பட்டாலே எனக்குக் கழுத்து சிவந்து அரிக்கும். அம்மாவோ தாத்தா காலத்துக் கறுப்புக் கம்பளியை எடுத்துப் போ, அதைவிட உலகத்தில் சூடு எதுவும் இல்லை என்கிறார். அது மட்டுமே இரண்டு கிலோ இருக்கும். ஷூ தனியாக வாங்கிவிட்டேன். உடைக்கு என்று ஆறாயிரம் ரூபாய் ஒதுக்கியிருக்கிறேன். அனுபவம் உள்ளவர்கள் வழி சொல்லுங்கள்.

மலைக்குருவி (வேலூர்):

காட்டன் பனியன், காட்டன் சாக்ஸ், ஜீன்ஸ் மூன்றையும் வீட்டிலேயே வைத்துவிடுங்கள் மேடம். மற்றதை விவரமாகச் சொல்லக் கூடியவர்கள் இங்கே இருக்கிறார்கள்.

நான் பறவை பார்க்கிறவன். மார்கழியில் விடியும் முன்பே ஜமுனாமரத்தூர் பக்கம் போய் உட்கார்ந்துவிடுவேன். கம்பளிக்கு ஒரு குணம் உண்டு, அதை யாரும் சொல்வதில்லை: அது சத்தம் போடாது. நைலான் ஜாக்கெட் போட்டுக்கொண்டு கையைத் தூக்கினாலே சரசரக்கும், புதரில் இருக்கிற குருவி பறந்துவிடும். ஐரோப்பாவில் ஆல்ப்ஸ் மலைப் பக்கம் வேட்டைக்காரர்கள் லோடன் என்ற கம்பளித் துணியில் கோட்டு தைத்துப் போடுவது வழக்கம். நெய்த கம்பளியை வெந்நீரில் அடித்து அடித்து இறுக்கிய துணி அது. காற்று எளிதில் நுழையாது, தூறல் உடனே இறங்காது, கிளை உரசினாலும் சத்தம் வராது. நம் நாட்டில் 1972 வனவிலங்குச் சட்டத்துக்குப் பிறகு வேட்டை என்ற பேச்சுக்கே இடமில்லை, இருக்கவும் கூடாது. ஆனால் கேமராவோடு காட்டில் அசையாமல் காத்திருக்கிறவனுக்கும் அதே உடைதான் பொருந்துகிறது. உங்கள் வழியும் கோவிந்த் வனவிலங்குச் சரணாலயத்துக்குள்தான் போகிறது. பைனாகுலர் இருந்தால் மறக்காமல் எடுத்துப் போங்கள்.

பழைய ஜவான் (கம்மவான்பேட்டை):

தங்கச்சி, எங்கள் ஊரை ராணுவப்பேட்டை என்றே சொல்வார்கள். தலைமுறை தலைமுறையாகப் பட்டாளத்துக்குப் போகிற ஊர். நானும் அப்படிப் போய், லடாக் பக்கம் பல குளிர்காலம் கழித்து ஓய்வு பெற்று வந்தவன். இதைப் பற்றி யார் கேட்டாலும் உட்கார்ந்து எழுதுவேன். சரியான உடுப்பு இல்லாமல் மேலே வந்து விரல் மரத்துப்போய் அழுகிற சுற்றுலாப் பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன்.

ஒன்றை மட்டும் மனதில் வையுங்கள். மலையில் குளிரைவிட வேர்வைதான் ஆளைச் சாய்க்கும். இது புரிந்துவிட்டால் காசை எதில் போடுவது என்பதும் புரிந்துவிடும்.

பர்வதமலை ஏறியிருக்கிறீர்களா? கடப்பாரைப் படியும் சங்கிலியும் பிடித்து மேலே போவதற்குள் பனியன் பிழிகிற அளவுக்கு நனைந்துவிடும். உச்சியில் கோயில் பக்கம் உட்கார்ந்து கொஞ்ச நேரத்தில் காற்று அடிக்கும் பாருங்கள், பல் தந்தியடிக்கும். ஏறும்போது எரிந்த உடம்பு அது. பருத்தி குடித்து வைத்திருக்கிற தண்ணீர் முதுகோடு ஒட்டிக்கொள்கிறது. தண்ணீர் காற்றைவிட இருபது மடங்குக்கும் மேல் வேகமாகச் சூட்டைக் கடத்தும். நம் ஊர் மலையிலேயே இந்தக் கதி என்றால் 12,500 அடியில் யோசித்துப் பாருங்கள். ஆயிரம் மீட்டர் ஏறினால் சராசரியாக 6.5 டிகிரி குறையும். ஏலகிரி சுமார் 1,100 மீட்டர், கேதார்காந்தா உச்சி 3,800 மீட்டர். உயரத்தால் மட்டுமே 17 டிகிரி போச்சு. வடக்கு, பனி, காற்று எல்லாம் அதற்கு மேல்.

இப்போது கம்பளிக்கு வருகிறேன். கம்பளி இழை தன் எடையில் சுமார் 30 சதவீதம் ஈரத்தை ஆவியாகவே உள்ளே இழுத்துக்கொள்ளும். அவ்வளவு இழுத்த பிறகும் தோலுக்கு ஈரமாகத் தெரியாது. இழுக்கும்போது கொஞ்சம் சூட்டையும் வெளியே விடும். இழை இயல்பிலேயே சுருண்டிருப்பதால் நடுவில் காற்று நிற்கும், நனைந்தாலும் பருத்தி போலத் துவண்டு தோலில் அப்பிக்கொள்ளாது. ஆகவே கம்பளியின் அருமை தோலை ஒட்டிப் போடுகிற உடையில்தான் முழுதாகத் தெரியும். நீங்கள் காகிதம் மாதிரி என்று சொன்னீர்களே, அந்த மெல்லிய பனியனில்தான். மேலே போடுகிற தடி ஸ்வெட்டர் எதுவாக இருந்தாலும் ஓரளவு சமாளிக்கலாம்.

விலை வித்தியாசம் இழையின் பருமனால் வருகிறது. மெரினோ என்பது மெல்லிய ரோமம் உள்ள ஒரு செம்மறி ஆட்டு வகை. நல்ல மெரினோ இழை 17 முதல் 19 மைக்ரான் இருக்கும். மைக்ரான் என்பது ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. நம் பக்கத்துக் கம்பளி ஆட்டு ரோமம் 30 மைக்ரானைத் தாண்டும். உங்கள் கழுத்து அரிப்பதற்கும் பெரும்பாலும் இதுதான் காரணம், எல்லோரும் சொல்கிற மாதிரி கம்பளி ஒவ்வாமையாக இருக்க வேண்டும் என்றில்லை. தடித்த இழையின் முனை வளையாமல், அறுத்த வயலில் தாள் காலில் குத்துவது போலத் தோலில் குத்துகிறது. மெல்லிய இழை தோல் பட்டதும் வளைந்து கொடுத்துவிடும். ஒரு மெரினோ பனியனைக் கடையில் கழுத்தில் வைத்து ஐந்து நிமிடம் நில்லுங்கள். அரிக்கவில்லை என்றால் தைரியமாக வாங்கலாம்.

வாங்கும்போது துணியின் கனம் பாருங்கள். ஜிஎஸ்எம் என்று போட்டிருப்பார்கள், ஒரு சதுர மீட்டர் துணி எத்தனை கிராம் என்பது அது. உங்கள் நடைக்கு 150 முதல் 200 வரை போதும். 250 எடுத்தால் ஏற்றத்தில் வேகும், வேர்ப்பீர்கள், மறுபடி அதே கதைதான்.

அம்மாவின் கம்பளி நல்ல பொருள், குறை சொல்ல மாட்டேன். வீட்டில் போர்த்திக்கொள்ளவும் ஜவ்வாது மலையில் இரவு தங்கவும் அதற்கு ஈடு கிடையாது. ஆனால் இரண்டு கிலோ சுமந்துகொண்டு பனியில் ஏற வேண்டாம். மேலே தூங்கும் பை கொடுப்பார்கள்.

ரோட்டோர ஸ்வெட்டர் எழுநூறு ரூபாய்க்குச் சுத்தக் கம்பளியாக இருக்க வாய்ப்பில்லை, பெரும்பாலும் அக்ரிலிக் என்ற செயற்கை இழை. அதற்காகத் தூக்கிப் போட வேண்டியதும் இல்லை. நடுவில் போடுவதற்குத் தாராளமாக ஆகும். காற்று தடுக்கிற ஜாக்கெட் ஒன்று அதற்கு மேல் இருக்க வேண்டும், அவ்வளவுதான். எந்த ஸ்வெட்டராக இருந்தாலும் பின்னல் துளை வழியாகக் காற்று உள்ளே போகும். காற்றைத் தடுக்காத ஸ்வெட்டரால் உச்சியில் பயன் இல்லை.

கம்பளியின் குறையையும் சொல்லிவிட வேண்டும். முழுக்க நனைந்தால் கனக்கும், காய நேரம் எடுக்கும், நாள்பட உரசினால் ஓட்டை விழும். பாலியஸ்டர் பனியன் சீக்கிரம் காயும், விலையில் பாதிகூட வராது. ஐந்தாறு நாள் நடைக்குப் பாலியஸ்டர் தெர்மல் போட்டும் நன்றாகப் போய் வரலாம். அதன் தொல்லை நாற்றம். இரண்டாம் நாளே கூடாரத்தில் பக்கத்தில் படுக்க முடியாது. கம்பளியை நாள் கணக்கில் துவைக்காமல் போட்டாலும் அந்த வாடை அடிக்காது. நெருப்புப் பக்கம் உட்காரும்போது பொறி பறந்தால் கம்பளி கருகி அணைந்துவிடும், பாலியஸ்டர் உருகித் தோலில் ஒட்டும்.

காலுக்கு இதைவிடக் கவனம் வேண்டும். கம்பளியும் நைலானும் கலந்த சாக்ஸ் வாங்குங்கள், பாதிக்கு மேல் கம்பளி இருக்கட்டும், தேய்மானத்துக்கு நைலான் தேவை. குளிருகிறது என்று இரண்டு சாக்ஸை ஷூவுக்குள் திணிக்காதீர்கள். விரலுக்கு ரத்தம் போகாமல் இறுகிவிட்டால் எவ்வளவு கம்பளி இருந்தும் விரல் மரத்துப்போகும். வாங்கிய ஷூவை அந்தக் கனத்த சாக்ஸோடு போட்டுப் பாருங்கள். உள்ளே விரலை அசைக்க முடியவில்லை என்றால் இப்போதே மாற்றிக்கொள்ளுங்கள்.

நூல்கடை (வாலாஜாபேட்டை):

ஜவான் ஐயா சொன்னதோடு கடைக்காரர் பக்கத்திலிருந்து கொஞ்சம் சேர்க்கிறேன். நாங்கள் குடும்பமாக நூல் வியாபாரம்.

சுத்தக் கம்பளியா என்று பார்க்க, உள்பக்கத் தையலிலிருந்து ஒரு சின்ன நூலை இழுத்து இடுக்கியில் பிடித்துத் தீக்குச்சி காட்டுங்கள். கம்பளி என்றால் முடி கருகுகிற வாசனை வரும், தீயை எடுத்ததும் அணையும், மிஞ்சுகிற கரி விரலில் நசுக்கினால் தூளாகிவிடும். அக்ரிலிக் உருகிக்கொண்டே எரியும், ஆறிய பிறகு கறுப்பாகக் கெட்டி மணி நிற்கும், நசுங்காது. இரண்டும் கலந்த நூல் என்றால் இரண்டு குணமும் தெரியும். கடையிலேயே கேட்டுச் செய்யலாம், நல்ல கடைக்காரர் மறுக்க மாட்டார். லேபிளில் எத்தனை சதவீதம் என்று எண் இருக்க வேண்டும். "உல்லன்" என்ற சொல் மட்டும் இருந்தால் அதற்கு மதிப்பு கொடுக்காதீர்கள். ஊரில் கம்பளி, அக்ரிலிக் எல்லாவற்றுக்கும் அந்த ஒரே பேர்தான்.

துவைப்பதில்தான் பலர் மூவாயிரத்தைக் கரைக்கிறார்கள். கம்பளியும் நம் தலைமுடி போலவே புரதம். கறை நீக்கும் என்சைம் கலந்த சலவைத் தூள் புரதக் கறையைத் தின்பதற்காகவே செய்தது, கம்பளியையும் சேர்த்துத் தின்னும். சோடா அதிகமுள்ள சோப்பும் ஆகாது. கம்பளிக்கென்று விற்கிற திரவம் வாங்குங்கள், இல்லாவிட்டால் தலைக்குப் போடுகிற சாதாரண ஷாம்பு கொஞ்சம் போதும். தண்ணீர் வெதுவெதுப்புக்கு மேல் வேண்டாம். சூடும் கசக்கலும் சேர்ந்தால் இழையின் மேலிருக்கிற செதில்கள் ஒன்றோடொன்று பூட்டிக்கொண்டு துணி சுருங்கிவிடும். ஒருமுறை சுருங்கினால் பழையபடி வராது. மலைக்குருவி சொன்ன லோடன் துணியை வேண்டுமென்றே அப்படிச் சுருக்கித்தான் செய்கிறார்கள். பிழியாமல் ஒரு துண்டில் சுருட்டி அமுக்கி, நிழலில் தரையில் விரித்துக் காயப் போடுங்கள். கொடியில் தொங்கவிட்டால் ஈரக் கனத்தில் நீண்டுவிடும்.

திரும்பி வந்ததும் துவைக்காமல் பீரோவில் வைக்காதீர்கள். பூச்சிக்கு வேர்வை பட்ட கம்பளிதான் பிடிக்கும். துணியை அரிப்பது அதன் புழு. வேப்பிலை வைக்கிற வழக்கம் நல்லதுதான், ஆனால் அதை மட்டும் நம்ப வேண்டாம். சுத்தமாகத் துவைத்து, நன்றாகக் காயவைத்து, காற்று புகாத ஜிப் பையில் போட்டால் அடுத்த மார்கழிக்கு அப்படியே இருக்கும்.

பாலாற்றங்கரை (ஆற்காடு):

மிக்க நன்றி அண்ணா, நன்றி எல்லோருக்கும். இன்று சாயங்காலம் ஒரு கடையில் மெரினோ பனியனைக் கழுத்தில் வைத்துப் பார்த்தேன். அரிக்கவே இல்லை! ரோட்டோர ஸ்வெட்டர் நூலை அம்மா முன்னாலேயே கொளுத்தினேன், கறுப்பு மணிதான் வந்தது.

ஆனால் பனியனும் உள் கால்சட்டையும் சேர்த்து வாங்கினால் என் காசு முழுதும் அதிலேயே போய்விடும். கையுறை, தொப்பி, மேல் ஜாக்கெட் எல்லாம் எப்படி? இன்னொன்று, ஏறும்போது போட்ட பனியனையே போட்டுக்கொண்டு தூங்கலாமா?

பழைய ஜவான் (கம்மவான்பேட்டை):

முழு செட் வேண்டாம் தங்கச்சி. மெரினோ பனியன் ஒன்று, கம்பளி சாக்ஸ் இரண்டு ஜோடி, இவற்றுக்கு மட்டும் நல்ல காசு போடுங்கள். காலுக்குப் பாலியஸ்டர் தெர்மல் போதும். நடக்கும்போது தொடைத் தசைதான் அதிகம் வேலை செய்கிறது, அது தன்னாலேயே சூடாக இருக்கும். அதன் மேல் சீக்கிரம் காய்கிற கால்சட்டை.

ஏற்கெனவே வாங்கிய அந்த ஸ்வெட்டரை நடுவில் போடுங்கள். பெரிய பஞ்சு ஜாக்கெட், காலில் பனி நுழையாமல் கட்டுகிற உறை, ஷூவுக்கு அடியில் மாட்டுகிற முள் எல்லாம் சாங்க்ரியிலேயே வாடகைக்குக் கிடைக்கும். ஒரு வாரத்துக்காகச் சொந்தமாக வாங்கி வேலூர் வெயிலில் வைத்துக்கொண்டு என்ன செய்வது? வாடகைக்கு எடுக்கும்போது ஜிப் மேலே வரை ஏறுகிறதா என்று அங்கேயே போட்டுப் பாருங்கள். தொப்பி காதை மூட வேண்டும். கையுறை இரண்டு அடுக்கு, உள்ளே மெல்லிய கம்பளி, மேலே தண்ணீர் புகாத உறை. போட்டோ எடுக்க வெறும் கையை வெளியே விட்டால் அந்தக் கை மறுபடி சூடாக வெகுநேரம் ஆகும். உள் கையுறையோடேயே எடுத்துப் பழகுங்கள்.

ஏறும்போது போட்டதில் தூங்கவே கூடாது. முகாமுக்கு வந்ததும், டீ குடிப்பதற்கு முன்பே, மூச்சு வாங்கிக்கொண்டு நிற்கும்போதே மாற்ற வேண்டும். தூங்குவதற்கு என்று ஒரு பனியன், ஒரு கால்சட்டை, ஒரு ஜோடி சாக்ஸ் தனியாகப் பிளாஸ்டிக் பையில் கட்டி வையுங்கள். என்ன ஆனாலும் அதைப் பகலில் தொடாதீர்கள். அது பழைய பாலியஸ்டர் ஆனாலும் பரவாயில்லை, காய்ந்திருந்தால் போதும். பகலில் போட்ட சாக்ஸ் லேசாக ஈரமாக இருந்தால் தூங்கும் பைக்குள் வயிற்றோடு வைத்துக்கொண்டு படுங்கள், காலையில் காய்ந்திருக்கும். சொட்டச் சொட்ட நனைந்ததை உள்ளே கொண்டுபோனால் பையே ஈரமாகிவிடும். அதைத் தவிருங்கள்.

உச்சிக்குப் போகிற அன்று மூன்று மணி வாக்கில் கிளப்பிவிடுவார்கள். எல்லாவற்றையும் மாட்டிக்கொண்டு கதகதப்பாகக் கிளம்பத் தோன்றும். அப்படிச் செய்யாதீர்கள், பஞ்சு ஜாக்கெட் பையில் மேலாக இருக்கட்டும். நின்றால் லேசாகக் குளிர வேண்டும், அந்த அளவோடு நடக்கத் தொடங்குங்கள். கால் மணி நேரத்தில் சரியாகிவிடும். எங்கே நின்றாலும் நின்றவுடன் ஜாக்கெட்டைப் போடுங்கள், குளிர் தெரிந்த பிறகு அல்ல. நான்கு பேரில் யாருக்காவது பேச்சு குழறினால், நடை தடுமாறினால், நடுக்கம் அடங்காமல் இருந்தால் உடனே கூட வருகிற வழிகாட்டியிடம் சொல்லிக் கீழே இறக்க வேண்டும். உச்சி அடுத்த வருடமும் அங்கேயேதான் இருக்கும்.

போவதற்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை நான்கு பேரும் அதே பனியன், அதே சாக்ஸ், அதே ஷூவோடு பர்வதமலை ஏறி வாருங்கள். அதிகாலையிலேயே கிளம்புங்கள், வெயில் ஏறினால் கம்பளியில் வேகும். கொப்புளம் எங்கே வருகிறது, தையல் எங்கே உரசுகிறது என்று அங்கேயே தெரிந்துவிடும். மாற்றுவதற்கும் நாள் இருக்கும்.

பாலாற்றங்கரை (ஆற்காடு):

சரி அண்ணா, வருகிற ஞாயிறே போகிறோம். போளூர் வழியாக முதல் பஸ் எத்தனை மணிக்கு என்று யாருக்காவது தெரிந்தால் சொல்லுங்கள்.